நனைந்த மூட்டைக்கு ஒரு ரூபாய்

"எலி கடிச்சுச்சா? இல்லைல்ல? அப்புறம் எப்படி எலிக்காய்ச்சல் வரும்?"

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த நெல் கிடங்கு முதலாளி ஏறக்குறைய இரண்டு வருஷம் வழக்கை நடத்தினார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. எலி கடித்தால்தான் எலியால் நோய் வரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். வழக்கு என்னிடம் வந்த அன்று எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

2016 பிப்ரவரியில் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே அவருடைய தம்பி. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அவருடைய கணவர் 40 வயது லோடுமேன். 2015 டிசம்பர் 4-ஆம் தேதி அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். அந்தக் குடும்பத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

"முதலாளி 20,000 ரூபா குடுத்தாருங்க. பத்திரத்துல கையெழுத்து வாங்கிக்கிட்டாரு. இனிமே ஒண்ணும் கேக்க முடியாதாமே, அப்படிங்களா வக்கீல் சார்?"

பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதியிருந்தது. இந்த இடத்தில் அப்போதைய சட்டம் தெளிவாக இருந்தது. 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவுப்படி, தொழிலாளி இறந்துவிட்டால் இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டியிருந்தது. குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடு ஆகாது. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாகக் கொடுத்திருந்தால், அதை ஆணையர் கழித்துக்கொள்வார். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் 17-ஆவது பிரிவின் கீழ் செல்லாது.

"அந்தக் கையெழுத்து உங்கள ஒண்ணும் செய்யாதும்மா. முதல்ல அவருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. "மொதல்ல குளுரு, காய்ச்சல். ரெண்டு கெண்டைக்காலும் வலிக்குதுன்னாரு. அமுக்கி விடச் சொல்வாரு, கைய வச்சா 'தொடாத தொடாத'ன்னு கத்துவாரு. கண்ணு ரெண்டும் ரத்தமாச் செவந்து கெடந்துச்சு. கண்ணுவலியோன்னு நெனச்சேன், ஆனா ஒரு பொட்டு பீளை இல்லீங்க. அப்புறம் கண்ணு மஞ்சளாச்சு. காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம். அதுலயே மூணு நாளு போயிடுச்சு."

காய்ச்சல் கண்டது நவம்பர் 27. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஊசி போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஆறாவது நாள், டிசம்பர் 2 அன்று, சிறுநீர் நின்றுபோன பிறகுதான் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இரவுப் பணியில் இருந்த பெண் மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "என்ன வேலை பாக்குறாரு?"

அந்த ஆறு நாளில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. மருத்துவமனைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: நெல் கிடங்கில் லோடுமேன், இரண்டு வாரத்துக்கு முன் நனைந்த மூட்டைகளைத் தூக்கியதாக மனைவி கூறுகிறார், குதிகாலில் வெடிப்புகள். அன்றிரவே எலிக்காய்ச்சலுக்கான பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, முடிவுக்குக் காத்திராமல் பென்சிலின் போட ஆரம்பித்திருக்கிறார்கள். பரிசோதனையில் நோய் உறுதியானது. அதற்குள் சிறுநீரகம் செயலிழந்து நுரையீரலில் ரத்தக் கசிவு தொடங்கிவிட்டது. இரண்டு நாளில் உயிர் போய்விட்டது.

சாகும் மனிதனைக் காப்பாற்ற அந்த ஒரு வரி பிந்திவிட்டது. அவருடைய குடும்பத்தைக் காப்பாற்றியது அதுதான்.

வழக்கில் நான் நிரூபிக்க வேண்டியவை இரண்டு. இது இந்த வேலைக்கே உரிய நோய் என்பது ஒன்று. அந்த வேலையை அவர் அந்தக் கிடங்கில், தண்ணீரில் நின்று செய்தார் என்பது இன்னொன்று.

முதலாவதற்காகப் படிக்க உட்கார்ந்தேன். நோயின் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் சிறுநீரகத்தில் மாதக்கணக்கில் குடியிருக்கும், சுருள் வடிவக் கிருமி. எலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அது ஓடுகிற வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக விடும் மூத்திரத்தில் கிருமி வெளியே வரும். காய்ந்த தரையில் விழுந்தால் சீக்கிரம் செத்துவிடும். ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் விழுந்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அங்கே வெறுங்காலோடு நிற்பவரின் வெடிப்பு, சிராய்ப்பு, கண், மூக்கு, வாய் எதன் வழியாகவும் உடம்புக்குள் போகும். கடி தேவையே இல்லை. உள்ளே போன கிருமி 2 நாளிலிருந்து 30 நாளுக்குள், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில், காய்ச்சலாக வெளிப்படும்.

ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வைல் 1886-லேயே இந்த நோயின் கடுமையான வடிவத்தை விவரித்துவிட்டார். காரணமான கிருமியை 1915-இல் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் இனாடாவும் இடோவும். அவர்கள் அதைத் தேடிப் போனது கியூஷு தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம். தண்ணீர் ஊறும் சுரங்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்குத்தான் அந்தக் காமாலை அதிகம் வந்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் கிடந்த சிப்பாய்களுக்கும் வந்தது. இந்த நோய்க்கு உலகில் வழங்கிய பழைய பெயர்களைப் பார்த்தபோதுதான் என் வாதம் எனக்கே பிடிபட்டது. சீனாவில் நெல் அறுவடைக் காமாலை, வேறு இடங்களில் கரும்பு வெட்டுவோர் காய்ச்சல், பன்றி வளர்ப்போர் நோய், சேற்றுக் காய்ச்சல். பார்க்கும் வேலையையும் நிற்கும் இடத்தையும் வைத்தே ஊர் ஊராக மக்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்துபூர்வ வாதத்தில் இந்தப் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களைப் பட்டியலிட்டிருந்தது. அதன் 'அ' பகுதியில் முதல் இனமே தொற்றுநோய்கள்தான். எந்தெந்த வேலை என்று சொல்லும்போது, 'விலங்குகளால் மாசுபட்டிருக்கக்கூடிய சரக்கைக் கையாளும் வேலை' என்பதையும் அது சேர்த்திருந்தது. அந்த வேலையில் இருப்பவருக்கு அந்த நோய் வந்தால், 3(2) பிரிவுப்படி அது வேலையில் நேர்ந்த விபத்துக் காயமாகவே கருதப்படும். அப்படி இல்லை என்றால், நிரூபிக்க வேண்டியவர் முதலாளி.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூத்தவர், நல்ல உழைப்பாளி. நான்கு வாதங்கள் வைத்தார்.

இறந்தவர் அந்தக் கிடங்கில் நான்கு மாதம்தான் வேலை செய்தார் என்பது முதல் வாதம். தொடர்ந்து 6 மாத வேலை வேண்டும் என்ற நிபந்தனை 'ஆ' பகுதி நோய்களுக்கு மட்டும்தான், 'அ' பகுதிக்குக் கால வரம்பு இல்லை என்று காட்டினேன்.

அவரை வேலைக்கு வைத்தது மேஸ்திரிதான், முதலாளி இல்லை என்பது இரண்டாவது. ஒப்பந்தக்காரர் மூலம் தன் தொழிலுக்கான வேலையைச் செய்துகொள்பவரும் இழப்பீடு தர வேண்டும், பிறகு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது 12-ஆவது பிரிவு.

மூன்றாவது, 1969-ஆம் ஆண்டின் ஓர் இங்கிலாந்துத் தீர்ப்பு: டிரெமெய்ன் எதிர் பைக். எலி மலிந்த பண்ணை ஒன்றில் மாடு பார்த்த தொழிலாளிக்கு இதே நோய் வந்தது. எலி கடிக்கும் என்பதை முதலாளி எதிர்பார்த்திருக்கலாம், எலி மூத்திரத்தால் இப்படி ஓர் அரிய நோய் வரும் என்று எதிர்பார்த்திருக்க முடியாது என்று சொல்லி நீதிபதி வழக்கைத் தள்ளினார். முதலாளியின் 'எலி கடிச்சுச்சா?' சட்ட நூலிலேயே இருக்கிறதே என்று அன்று எனக்கு நெஞ்சு திக்கென்றது. இரண்டு இரவு அந்தத் தீர்ப்பைப் படித்த பிறகுதான் தெளிவு வந்தது. அது கவனக்குறைவுக்காக நஷ்டஈடு கேட்ட வழக்கு. அங்கே முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டும். நம்முடைய 1923 சட்டம் முதலாளியின் தவறைப் பற்றிக் கேட்டதே இல்லை. வேலையால் வந்ததா என்று மட்டும் கேட்டது. அதே இங்கிலாந்தில்கூட, எலி நடமாடும் இடத்தில் வேலை செய்பவருக்கு வரும் இந்த நோய், அரசு உதவிக்குரிய தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது.

நான்காவது வாதம்தான் கனமானது. வீட்டிலும் எலி உண்டு, வயலிலும் உண்டு, இறந்தவர் வீட்டில் பசுவும் இருந்தது. நோய் கிடங்கில்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? அதோடு, கிடங்கில் தண்ணீர் புகவே இல்லை என்று முதலாளி பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்.

இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பதில் கிடைக்காது. மேஸ்திரியைத் தேடிப் போனேன். முதலில் அவர் பேசவே பயந்தார். அந்த அம்மா ஒரு நாள் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு, தன் கூலி நோட்டை எடுத்துக் கொடுத்தார். அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டு. பென்சிலால் தேதி, ஆள் பெயர், மூட்டை எண்ணிக்கை. நவம்பர் 17, 18, 19 மூன்று நாளிலும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் சின்னதாக 'ந' என்று போட்டிருந்தார்.

"இது என்னங்க?"

"நனஞ்ச மூட்டை சார். கனம் கூட இருக்கும்ல, அதனால மூட்டைக்கு ஒரு ரூபா கூட. காஞ்சதுக்கு 4 ரூபா, நனஞ்சதுக்கு 5."

அந்த நவம்பர் மழையில் கூரைத் தகரம் பெயர்ந்து கிடங்கில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது. அடி வரிசை மூட்டைகளை அவிழ்த்து மேடான பக்கம் அடுக்கியிருக்கிறார்கள். சாக்கைப் புரட்டினால் எலி ஓட்டை, புழுக்கை, செத்த குஞ்சு. எட்டுப் பேரும் வெறுங்காலோடு நின்றிருக்கிறார்கள்.

நோட்டை மட்டும் நம்பியிருந்தால், அது பிறகு எழுதியது என்று சொல்லியிருப்பார்கள். ஆகவே முதலாளியின் ரொக்கப் புத்தகத்தை வரவழைக்க மனுப் போட்டேன். குறுக்கு விசாரணை இப்படிப் போனது.

"நவம்பர் 17 அன்று லோடுமேன்களுக்கு எவ்வளவு கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள்?"

"2,600 ரூபாய்."

"எத்தனை மூட்டைக்கு?"

"520."

"மூட்டைக்குக் கூலி எவ்வளவு?"

"4 ரூபாய்."

"520 மூட்டைக்கு 4 ரூபாய் வீதம் எவ்வளவு?"

அவர் கணக்குப் போட்டார். 2,080. மீதி 520 ரூபாய் எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை. ஆணையரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கடைசியில், "கொஞ்சம் ஈரமாத்தான் இருந்துச்சு" என்றார்.

அதே 2,600 ரூபாய் இன்னொன்றையும் நிரூபித்தது. எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 325. மாதம் 25 நாள் வேலை என்றால் சட்டம் அப்போது வைத்திருந்த 8,000 ரூபாய்ச் சம்பள உச்சவரம்பைத் தாண்டிவிடும். இருப்புப் பதிவேட்டில் 'எலிச் சேதம்' என்றே ஒரு பத்தி இருந்தது. மாதாமாதம் எத்தனை கிலோ நெல் எலியால் போனது என்று முதலாளியே ஒழுங்காக எழுதி வந்திருக்கிறார். கிடங்கில் எலி உண்டா என்ற விவாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

அந்தப் பெண் மருத்துவர் சாட்சி சொல்ல வந்தார். எதிர்த்தரப்பு அவரை நன்றாகவே கேட்டது. காமாலை கல்லீரலைத் தாக்கும் வைரஸால் வந்திருக்கலாமே? "கல்லீரல் கெட்டு வரும் காமாலையில் கல்லீரல் நொதிகள் மிகவும் ஏறும். இவருக்குப் பித்த நிறமி ஏறிய அளவுக்கு நொதிகள் ஏறவில்லை. அதே சமயம் தசை நொதி ஏறியிருந்தது, தட்டணுக்கள் குறைந்திருந்தன, சிறுநீரகம் பழுதாகியிருந்தது. பீளையில்லாத கண் சிவப்பும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்தால், நாங்கள் முதலில் எலிக்காய்ச்சலைத்தான் நினைப்போம்" என்றார். அந்த அம்மா என் அலுவலகத்தில் சொன்ன அதே இரண்டு அடையாளங்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொன்னார்.

எந்த எலியிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு, "முடியாது. மாடு, நாய், பன்றியிடமிருந்தும் வரலாம்" என்று நேர்மையாகச் சொன்னார். "ஆனால் வெடிப்புள்ள காலோடு மூன்று நாள் அப்படிப்பட்ட தண்ணீரில் நின்றிருக்கிறார். அதன் பிறகு காய்ச்சல் வந்த நாள் கணக்கு பொருந்துகிறது. அதே தண்ணீரில் நின்ற இன்னொருவருக்கும் அதே வாரம் அதே நோய். வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை" என்றார். அந்த இன்னொருவர் சாவுச் செய்தி கேட்டுப் பயந்து இரண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தவர். அவரும் எங்கள் சாட்சி.

ஆணையர் தாமாக ஒரு கேள்வி கேட்டார். "டாக்டர், வீட்டுச் சுண்டெலியும் இதைப் பரப்புமா?"

"பரப்பலாம் ஐயா. பெருச்சாளி, வயல் எலி, சுண்டெலி எல்லாமே கிருமியைச் சுமக்கும். சுண்டெலி சமையலறையில் நடந்தால் அதன் புழுக்கை வழியாக வயிற்றுப்போக்குக் கிருமியும் உணவில் சேரும். எலியின் தெள்ளுப்பூச்சி பிளேக்கைக் கொண்டுவரும். 1994-இல் சூரத்தே காலியானது நினைவிருக்கும். எலி உடம்பில் ஒட்டும் சிறு பூச்சிகளால் ஸ்க்ரப் டைஃபஸ் வருகிறது, அது நம் மாவட்டங்களில் உண்டு. மக்கள் பயப்படும் வெறிநோய்தான் எலியால் வருவது மிக மிக அரிது. கடிக்குப் பயப்படுகிறார்கள், ஈரத்துக்குப் பயப்படுவதில்லை."

விலங்கு என்றால் ஆடுமாடுதான், எலி அதில் வராது என்றும் ஒரு வாதம் வைத்தார்கள். ஆணையர் தம் உத்தரவில் அதை ஒரே பத்தியில் நிராகரித்தார். தொழிலாளியைப் பாதுகாக்க வந்த சட்டத்தில் உள்ள பொதுவான சொல்லைக் குறுக்கிப் பொருள் கொள்ள முடியாது என்றார். நனைந்த நெல் மூட்டை, விலங்குகளால் மாசுபட்டிருக்கக்கூடிய சரக்குதான் என்று முடிவு செய்தார். நோய் வேறு இடத்தில் வந்தது என்பதை முதலாளி நிரூபிக்கவில்லை.

2018 ஜனவரியில் உத்தரவு வந்தது. சம்பளத்தில் பாதி 4,000 ரூபாய். 40 வயதுக்கு அட்டவணை தரும் காரணி 184.17, பெருக்கினால் 7,36,680 ரூபாய். ஈமச்சடங்குக்கு 5,000. முன்பே கொடுத்த 20,000 கழிக்கப்பட்டது. உரிய நாளிலிருந்து 12 சதவீத வட்டி. பிள்ளைகளின் பங்கு வங்கியில் வைப்புத்தொகையானது. மேல்முறையீட்டுக்குப் போகாமல் முதலாளி பணத்தைக் கட்டிவிட்டார். கட்டிய அன்று வராந்தாவில் என்னிடம் வந்து, "கடிக்காமலே வரும்னு எனக்கு யாருமே சொல்லலையே சார்" என்றார். அதை நான் நம்பினேன். அவருக்கு யாராவது சொல்லியிருந்தால், லோடுமேன்களுக்கு எட்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருப்பார். அந்தச் செலவில் ஓர் உயிர் தங்கியிருக்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கிடங்கு, ரைஸ் மில், மண்டி, சாக்கடை, வயல், மாட்டுத் தொழுவம் எங்கே வேலை என்றாலும், எலி நடமாடும் ஈரத்தில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். காலில் புண் இருந்தால் கட்டுப் போட்டு பூட்ஸ் அணியுங்கள். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கித் தூசி கிளப்பாமல், பிளீச்சிங் கரைசலால் நனைத்து அள்ளுங்கள். வெள்ளத்தில் இறங்க வேண்டிய வேலை என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்; தடுப்புக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை உண்டு, 2018 கேரள வெள்ளத்தில் அதைப் பரவலாகக் கொடுத்தார்கள். தொழிலாளிக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், சீட்டு, ரிப்போர்ட், கூலி நோட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். இழப்பீட்டு மனுவுக்கு இரண்டு வருஷ அவகாசம் இருக்கிறது.

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டிலேயே, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'என்ன வேலை செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று தம் சக மருத்துவர்களுக்கு எழுதினார். முந்நூறு வருஷம் கழித்து, தஞ்சாவூர்ச் சீமையில் ஓர் இரவுப் பணி மருத்துவர் அதைக் கேட்டார். கேட்காத இடத்தில் நாமே சொல்லிவிட வேண்டும்.

பிழைத்த அந்த லோடுமேன் அடுத்த வருஷ மழைக்காலம் முடிந்து ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தார். மறுபடி காய்ச்சல் வந்ததாம். இந்த முறை சாதாரணக் காய்ச்சல்தான், ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. "ஆனா சார், டாக்டர் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"நான் லோடுமேன், நனஞ்ச மூட்டை தூக்கினேன், கால்ல வெடிப்பு இருக்குன்னு."